ஷஹாபுத்தீன் சாகிப் விட்டுச் சென்ற கோப்புகள்

(மஹல்லா நிர்வாகிகள் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை. நேரமின்மையால் அன்று சொல்லாமல் விட்ட சில விவரங்களும் சேர்க்கப்பட்டுள்ளன.)

 

இன்று ஷஹாபுத்தீனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று வாசலில் ஒரு தம்பியிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஹஸ்ரத், அந்த பீகார் தாதாவையா?" என்று கேட்டார். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கைப்பேசியில் ஷஹாபுத்தீன் என்று தேடினால் முதலில் வருகிறவர் சிவான் தொகுதியின் முகம்மது ஷஹாபுத்தீன்தான். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, கைதியாகவே 2021-ல் கொரோனாவில் இறந்தவர். அவரும் பீகார், இவரும் பீகார். அவரும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், இவரும் இருந்தவர். ஒற்றுமை அத்தோடு முடிந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த ஷஹாபுத்தீனைத் தெரிகிறது, இந்த ஷஹாபுத்தீனைத் தெரியவில்லை. அந்த வருத்தத்தில்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

நான் சொல்வது சையத் ஷஹாபுத்தீன் சாகிபை. 1935 நவம்பர் 4-ல் ராஞ்சியில் பிறந்தவர். பாட்னா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். மதரஸா வாசலை மிதித்து ஆலிம் ஆனவர் அல்லர். ஜுப்பா போட்ட தலைவரும் அல்லர். கோட்டும் சூட்டுமாக, ஆங்கிலம் பேசுகிற அதிகாரியாக வாழ்க்கையைத் தொடங்கியவர்.

அந்த அதிகாரி வேலை அவருக்குக் கிடைத்ததே ஒரு கதை. 1955-ல் பாட்னாவில் மாணவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரதமர் நேரு பாட்னா வந்தபோது ஆயிரக்கணக்கான மாணவர்கள் கறுப்புக்கொடி காட்டினார்கள். முன்வரிசையில் நின்ற தலைவர்களில் இவரும் ஒருவர். பிறகு பரீட்சை எழுதித் தேர்வாகி இந்திய வெளியுறவுப் பணிக்குப் போகும் நேரத்தில் போலீஸ் அறிக்கை குறுக்கே வந்தது: இவர் கம்யூனிஸ்ட், ஆபத்தானவர் என்று. நியமனம் நின்றது. கோப்பு நேருவின் மேசைக்கே போனது. வெளியுறவுத் துறை அப்போது நேருவின் கையில்தான். கறுப்புக்கொடி காட்டப்பட்டவரே அந்தக் கோப்பில் குறிப்பு எழுதினார்: பாட்னாவில் இந்த இளைஞர் செய்தது அரசியல் சதியல்ல, இளமையின் வேகம் என்பது அந்தக் குறிப்பின் சாரம். நியமனம் வந்தது. 1958-ல் பணியில் சேர்ந்தார்.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு பெருமூச்சு வருகிறது. எதிர்த்துக் கோஷம் போட்ட மாணவனை அரசு ஊழியனாக ஏற்றுக்கொள்ளும் பிரதமர் ஒருவர் இந்த நாட்டில் இருந்தார். இன்று ஒரு மாணவன் முகநூலில் நாலு வரி எழுதிவிட்டு, வேலைக்குப் போகும்போது நடத்தைச் சான்றிதழுக்காக நடுங்கிக்கொண்டிருக்கிறான். போகட்டும், விஷயத்துக்கு வருவோம்.

சுமார் இருபது ஆண்டுகள் அந்தப் பணி. நியூயார்க், ரங்கூன், ஜித்தா என்று ஊர் ஊராகப் போனார். அல்ஜீரியாவில் இந்தியாவின் தூதராக இருந்தார். பின்பு டெல்லி வெளியுறவு அமைச்சகத்தில் இணைச் செயலாளர். இன்னும் பதினைந்து ஆண்டுகள் உட்கார்ந்திருந்தால் பெரிய நாடுகளுக்குத் தூதர், பிறகு செயலாளர், ஓய்வுக்குப் பின் ஒரு ராஜ்பவன் என்று போயிருக்கலாம். 1978-ல் தாமாகவே விலகினார். அப்போது வயது 43-கூட முழுசாக ஆகவில்லை. எமர்ஜென்சி முடிந்து ஜனதா ஆட்சி வந்திருந்த நேரம். வெளியுறவு அமைச்சர் யார் தெரியுமா? வாஜ்பாய். எந்த அமைச்சரின் கீழ் வேலை பார்த்தாரோ, அதே மனிதரின் கட்சியை எதிர்த்துத்தான் பின்னாளில் ஆயுள் முழுக்க வாதாடினார். 1979-ல் ஜனதா கட்சி சார்பில் பீகாரிலிருந்து மாநிலங்களவைக்குப் போனார்.

சகோதரர்களே! அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் மூன்று விஷயங்களைத்தான் சொல்வார்கள். ஷா பானு, பாபரி மஸ்ஜித், ருஷ்டி. மூன்றையும் நானும் சொல்கிறேன். ஆனால் நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை எவரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஷா பானு தீர்ப்பு 1985 ஏப்ரல் 23-ல் வந்தது. நாடு முழுக்க நம் மக்கள் வீதிக்கு வந்தார்கள். நாடாளுமன்றத்தில் முஸ்லிம் லீகின் பனாத்வாலா சாகிப் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்தச் சூட்டில் அந்த ஆண்டு டிசம்பரில் பீகாரின் கிஷன்கஞ்சில் மக்களவை இடைத்தேர்தல் நடந்தது. ஜனதா சார்பில் ஷஹாபுத்தீன் சாகிப். காங்கிரஸ் நிறுத்தியது மௌலானா அஸ்ராருல் ஹக் காஸிமியை. தேவ்பந்தில் ஓதிய ஆலிமை எதிர்த்து, ஷரீஅத்தைக் காப்பேன் என்று சொன்ன இயற்பியல் பட்டதாரி நின்றார். பட்டதாரி ஜெயித்தார். ஆலிம்கள் இதில் யோசிக்க நிறைய உண்டு. அந்த மௌலானா 2009-லும் 2014-லும் அதே தொகுதியில் வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

1986 மே மாதம் முஸ்லிம் பெண்கள் சட்டம் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று இனிப்பு வழங்கினோம். ஆனால் அதற்குள் பிப்ரவரி 1-ல் ஃபைசாபாத் மாவட்ட நீதிபதி உத்தரவின் பேரில் பாபரி மஸ்ஜிதின் பூட்டு திறக்கப்பட்டுவிட்டது. அந்தப் பக்கம் ஒரு கணக்கு, இந்தப் பக்கம் ஒரு கணக்கு. நாம் ஒரு பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

1986 டிசம்பரில் டெல்லியில் மாநாடு கூடி, பாபரி மஸ்ஜித் இயக்க ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. அமைப்பாளர் ஷஹாபுத்தீன் சாகிப். அந்த மாநாட்டில்தான் 1987 குடியரசு தின விழாக்களில் முஸ்லிம்கள் கலந்துகொள்ள வேண்டாம் என்ற அழைப்பு வந்தது. நாடே கொந்தளித்தது. பிறகு வாபஸ் வாங்கினார்கள். அழைப்பை எத்தனை பேர் கேட்டார்களோ, வாபஸ் வாங்கியதை அதில் பாதிப் பேர்கூடக் கேட்கவில்லை. அது தவறு. அவர் மீது மரியாதை உள்ளவன் என்பதால்தான் தவறு என்று சொல்கிறேன். அரசியல் சட்டத்தின் பெயரால் நீதி கேட்டவர், அந்தச் சட்டம் பிறந்த நாளைப் புறக்கணிக்கச் சொல்லியிருக்கக் கூடாது. ‘இந்திய முஸ்லிம்’ என்று சொல்லாதே, ‘முஸ்லிம் இந்தியர்’ என்று சொல் என்று ஆயுள் முழுக்க வலியுறுத்திய மனிதர் அவர். அவரையே ‘இன்னொரு ஜின்னா’ என்று எழுதியவர்களுக்கு அந்த ஒரு அறிவிப்பு போதுமானதாக இருந்தது.

1987 மார்ச் 30-ல் டெல்லி போட் கிளப்பில் லட்சக்கணக்கில் கூடினார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது? நமக்குப் பழக்கமானதுதான் நடந்தது. குழு இரண்டாக உடைந்தது. ஒரே மஸ்ஜிதுக்கு இரண்டு கமிட்டி! எதிரில் இருந்தவர்கள் செங்கல் சேகரித்துக்கொண்டிருந்தார்கள், நாம் லெட்டர்பேடு அச்சடித்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் காலத்தில் அவர் சொன்ன ஒரு விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. கோயிலை இடித்துத்தான் அந்த மஸ்ஜித் கட்டப்பட்டது என்று நிரூபித்துவிடுங்கள், நாங்கள் உரிமை கோர மாட்டோம், அபகரித்த இடத்தில் தொழுகை கூடாது என்பதுதான் எங்கள் மார்க்கம் என்று பகிரங்கமாக அறிவித்தார். நம் ஆட்களே சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் மேடையில் ஆவேசமாகப் பேசியவர்களைவிட அதிகமான தைரியம் அந்த வார்த்தையில் இருக்கிறது. ஆதாரத்தைக் கொண்டுவா என்று கேட்கிற மனிதர், ஆதாரம் தனக்கு எதிராக வந்தால் ஏற்கவும் தயாராக இருக்க வேண்டும். அவர் இருந்தார். 1992 டிசம்பர் 6-ல் ஆதாரத்துக்குப் பதிலாகக் கடப்பாரை வந்தது. 2019 நவம்பர் 9 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த இடிப்பைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டு, இடத்தைக் கோயிலுக்குக் கொடுத்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

ருஷ்டி விவகாரத்துக்கு வருகிறேன். 1988-ல் அந்த நாவலை இந்தியாவுக்குள் விடக் கூடாது என்று கேட்டவர்களில் முன்னணியில் இருந்தவர் இவர். அக்டோபர் 5-ல் இறக்குமதிக்குத் தடை என்று அறிவிப்பு வந்தது. ருஷ்டி பிரதமருக்குத் திறந்த மடல் எழுதி இவர் பெயரைச் சொல்லித் தாக்கினார். இவர் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் பதில் எழுதினார். புத்தகத்தை நான் படிக்கவில்லை, படிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்பது அந்தப் பதிலில் ஒரு பகுதி. ஒவ்வொரு காகிதத்தையும் படித்த மனிதர், அந்த ஒன்றைப் படிக்காமல் எழுதினார். எதிரிகள் முப்பது ஆண்டுகளாக அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் நபியை இழிவுபடுத்தினால் வலிக்கும், அந்த வலி நியாயம். ஆனால் படித்துவிட்டு, எந்தப் பக்கம், எந்த வரி என்று எழுதியிருந்தால் வாதம் எவ்வளவு கனமாக இருந்திருக்கும்!

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒருவர் அந்தத் தடையை எதிர்த்துப் போட்ட வழக்கில், 1988-ல் போட்ட அறிவிப்பின் நகலைக் கொண்டுவாருங்கள் என்றால் அரசிடம் இல்லை. சுங்கத் துறையிடமும் இல்லை. தேடிப் பார்த்துக் கைவிரித்துவிட்டார்கள். காகிதம் இல்லாததால் அப்படி ஓர் அறிவிப்பே இல்லை என்றுதான் கருத வேண்டியிருக்கிறது என்று நீதிமன்றம் வழக்கை முடித்தது. முப்பத்தாறு ஆண்டுத் தடை, ஒரு தாள் காணாமல் போனதால் ஆவியாகிவிட்டது. ஷஹாபுத்தீன் சாகிபின் மேசையில் தேடியிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது!

ஏன் அப்படிச் சொல்கிறேன்? இங்கேதான் நான்காவது விஷயம் வருகிறது.

1983 ஜனவரியில் டெல்லியிலிருந்து ‘முஸ்லிம் இந்தியா’ என்று ஓர் ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். 2000-களின் தொடக்கம் வரை அதை விடாமல் நடத்தினார். பிறகு 2006-ல் மீண்டும் எடுத்து நடத்தினார். அது எப்படிப்பட்ட இதழ்? நான் மதரஸாவில் ஓதிய காலத்தில், 1990-களின் பிற்பகுதியில், எங்கள் நூலகத்தின் கீழ்த்தட்டில் அதன் பழைய பிரதிகள் ஒரு கட்டாகக் கிடந்தன. யாரோ ஒரு வியாபாரி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனது. எங்களில் எவருக்கும் ஆங்கிலம் தெரியாது. நான் ஒரு அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால் முதலில் ஏமாற்றம்தான். பாபரி மஸ்ஜிதுக்காகப் போராடியவர் நடத்திய பத்திரிகை, அனல் பறக்கும் என்று நினைத்தேன். அனல் இல்லை. ஆவேசத் தலையங்கம் தேடினேன், அகப்படவில்லை. பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக நாடாளுமன்றக் கேள்வி பதில்கள். பத்திரிகைச் செய்திகளின் தொகுப்பு. கமிஷன் அறிக்கைகளின் பகுதிகள். இந்த ஆண்டு ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். தேர்ச்சிப் பட்டியலில் எத்தனை முஸ்லிம் பெயர்கள், மொத்தத்தில் என்ன விகிதம். கலவர வழக்குகள், உருது, வக்ஃப் சொத்து, கல்வி என்று தலைப்பு வாரியாக அடுக்கு.

அந்தப் பெயர் எண்ணும் வேலையை நினைத்துப் பாருங்கள். அரசு வேலையில் எந்தச் சமூகம் எத்தனை பேர் என்று அரசாங்கம் தானாகச் சொல்லாத காலம். முடிவுப் பட்டியல் வரும். நூற்றுக்கணக்கான பெயர்கள். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ண வேண்டும். தூதராக இருந்த மனிதர் உட்கார்ந்து இதைச் செய்தார், செய்வித்தார். மாதா மாதம், ஆண்டுக்கு ஆண்டு. கைதட்டல் கிடைக்காத வேலை. இதற்காக எவரும் மாலை போட மாட்டார்கள்.

ஆனால் இந்த வேலை எங்கே போய் முடிந்தது? ‘முஸ்லிம்களைத் தாஜா செய்கிறார்கள், எல்லாம் அவர்களுக்கே’ என்று ஒரு பொய் நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நம்மவர்கள் கண்ணீரால் பதில் சொன்னார்கள், கோபத்தால் பதில் சொன்னார்கள். இவர் எண்ணிக்கையால் பதில் சொன்னார். 1980-களில் கோபால் சிங் குழு ஓர் அறிக்கை கொடுத்து, அது அரசின் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் தூங்கியது. 2005-ல் சச்சார் குழு வந்தது, 2006 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 13.4 சதவீதம், ஐ.ஏ.எஸ். பணியில் 3 சதவீதம், ஐ.பி.எஸ். பணியில் 4 சதவீதம், வெளியுறவுப் பணியில் 1.8 சதவீதம். வெளியுறவுப் பணி! ஷஹாபுத்தீன் சாகிப் எந்தப் பணியில் இருபது ஆண்டு இருந்தாரோ, அதே பணி. நூறு பேரில் இரண்டு பேர்கூட முழுசாக இல்லை. நாடே அதிர்ந்தது. அவருடைய இதழைப் படித்து வந்தவர்களுக்கு மட்டும் அதிர்ச்சி இல்லை. இருபது ஆண்டாக அவர் இதைத்தானே அச்சடித்துக்கொண்டிருந்தார்! பிறகுதான் இடஒதுக்கீடு என்ற பேச்சுக்கே கால் முளைத்தது. நம் தமிழகத்திலும் 2007-ல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்குப் பின்னால் பல இயக்கங்களின் போராட்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வெறும் கோஷத்துக்கு எந்த அரசாங்கமும் சட்டம் போடுவதில்லை. புள்ளிவிவரத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் போடுகிறது.

தேர்தல் அரசியலில் அவர் தோற்றவர் என்றுதான் சொல்ல வேண்டும். 1989-ல் இன்சாஃப் கட்சி என்று ஒன்று தொடங்கினார், நிற்கவில்லை. அந்த ஆண்டு கிஷன்கஞ்சை காங்கிரஸின் எம்.ஜே. அக்பர் பிடித்தார். 1991-ல் ஜனதா தளம் சார்பில் இவர் திரும்பவும் வென்றார். 1996-க்குப் பிறகு மக்களவையில் அவர் இல்லை. கிஷன்கஞ்ச் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? பீகாரில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரே மாவட்டம். சூர்ஜாபுரி பேசுகிற விவசாயக் கூலிகள். 2001 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 31 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. தேசத்து முஸ்லிம்களுக்காக டெல்லியில் வாதாடியவரின் தொகுதியில் பத்தில் ஏழு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் அவருக்கு மௌலித் ஓதுகிறேன் என்று நினைப்பீர்கள்.

பின்னாளில் முஸ்லிம் மஜ்லிஸே முஷாவரத்தின் தலைவராக இருந்தார். கடைசி வரை பத்திரிகைகளுக்கும் அமைச்சர்களுக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 2017 மார்ச் 4-ல் நொய்டாவில் வஃபாத் ஆனார். வயது 81.

இனி என் சொந்தக் கதை ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் கபர்ஸ்தானுக்குப் போகும் பாதையை ஒருவர் வேலி போட்டு அடைத்துவிட்டார். நாங்கள் நாற்பது பேர் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். நான்தான் பேசினேன். நானூறு ஆண்டுப் பழமை, மூதாதையர் எலும்புகள், சிறுபான்மையினர் உரிமை என்று குரலை உயர்த்திப் பேசினேன். வெளியில் நின்ற இளைஞர்கள் தக்பீர் சொன்னார்கள். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி பாய், சர்வே நம்பர் என்ன?" என்றார். நான் முத்தவல்லியைப் பார்த்தேன். முத்தவல்லி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தரையைப் பார்த்தார். "அ-பதிவேட்டில் எப்படி இருக்கிறது? பாதை என்று இருக்கிறதா, புறம்போக்கு என்று இருக்கிறதா? புல வரைபடம் எடுத்தீர்களா?" எங்கள் நாற்பது பேரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அந்த மனிதர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை, அவமதிக்கவும் இல்லை. ஆனால் என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது. குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியா, நோன்பைப் பற்றியா? கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. அதற்கு நான் எத்தனையோ முறை தஃப்சீர் சொல்லியிருக்கிறேன். எங்கள் கபர்ஸ்தானின் சர்வே எண் எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு அந்தப் பழைய கட்டின் ஞாபகம் வந்தது. நான் அவரிடமிருந்து பேச்சைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், கோப்பை எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு மூன்று மாதம் அலைந்து ஆவணங்களை எடுத்தோம். வரைபடத்தில் பாதை இருந்தது. வேலி அகன்றது. இரண்டாவது முறை போனபோது நாங்கள் நான்கு பேர்தான் போனோம்.

2025-ல் வக்ஃப் திருத்தச் சட்டம் வந்தது. ஜூன் மாதம் உமீத் இணையதளத்தைத் திறந்து, ஆறு மாதத்துக்குள் சொத்து விவரங்களை ஏற்றுங்கள் என்றார்கள். அந்தச் சட்டத்தை நாம் எதிர்த்தோம், எதிர்ப்பதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் அந்த ஆறு மாதத்தில் நம் பள்ளிவாசல்களில் நடந்த ஓட்டத்தை நீங்களே பார்த்தீர்கள். தான சாசனம் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியாது. பழைய முத்தவல்லியின் மகன் வெளிநாட்டில். ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால் கரையான். சட்டம் போட்டவன் அநியாயக்காரன் என்றே வைத்துக்கொள்வோம். கரையானையும் அவனா அனுப்பினான்?

ஆகவே இங்கே வந்திருக்கிற நிர்வாகிகளிடமும், இதைப் படித்துக்கொண்டிருக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் மஹல்லாவில் எத்தனை குடும்பம்? பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? அரசு வேலையில் எத்தனை பேர்? பள்ளிவாசலுக்கு எத்தனை சென்ட் நிலம், எந்தப் பெயரில் பட்டா? சந்தா நோட்டைத் தவிர வேறு நோட்டு உங்கள் அலுவலகத்தில் உண்டா? ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு பட்டதாரிப் பெண்ணிடம் கொடுங்கள், நம் ஆண்களைவிட ஒழுங்காக எழுதுவார்கள்.

இன்னொரு சிறிய விஷயம். ‘முஸ்லிம் இந்தியா’ இதழின் பழைய பிரதிகள் உங்களில் யாருடைய வீட்டிலாவது, ஏதாவது மதரஸா நூலகத்திலாவது இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எங்கள் மதரஸாவில் கிடந்த அந்தக் கட்டைத் தேடிச் சென்ற மாதம் போனேன். கட்டடம் புதுப்பித்தபோது அப்புறப்படுத்திவிட்டார்களாம். பிரதிகள் வைத்திருப்பவர்கள் நம் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். நாங்களே வந்து நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். வஸ்ஸலாம்.